கடைசித் திருப்பத்தில் அடியில் வந்த விமானம்

சேலத்தில் பயிற்சியின்போது, இறங்கப்போகும் கடைசித் திருப்பத்தில் உங்கள் செஸ்னாவுக்கு அடியில் இன்னொரு விமானம் வந்ததாக எழுதியிருந்தீர்கள். தப்பு முழுக்க உங்கள் மேல்தான் என்று குமையாதீர்கள், தம்பி. செஸ்னா 172-க்கு இறக்கை மேலே. சாய்ந்து திரும்பும்போது, போகிற திசையையே அது மறைத்துவிடும். அதனால் திரும்புவதற்கு முன் அந்தப் பக்க இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள்.

தொலைவில் வரும் விமானம் முன்கண்ணாடியில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்; நகர்கிற புள்ளி பரவாயில்லை. ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிறதே, அதுதான் மோத வருவது. சேர்வராயன் மலையின் கரும்பச்சைக்கு முன்னால் அது சட்டென்று கண்ணில் படாது.

தாழ்வாக இறங்குபவருக்குத்தான் முன்னுரிமை, சரி. அதற்காகக் குறுக்கே நுழையலாமா?

அப்புறம், நேரம், உயரம், ரேடியோவில் கேட்டது எல்லாவற்றையும் இன்றே எழுதிவைத்து, பயிற்றுநரிடம் சொல்லி, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவுக்கும் தெரிவியுங்கள்.