புது ட்ரெய்லர் ஒழுகுகிறது, டீலர் கையை விரிக்கிறார்: என்ன செய்யலாம்?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் அருகே இருக்கிறோம். புதிதாக வாங்கிய 28 அடி டிராவல் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) மூன்றாம் மாதமே மழையில் ஒழுகி, படுக்கைக்கு மேலே கறை விழுந்தது. டீலர் சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) பூசிக் கொடுத்தார், மறுபடியும் ஒழுகியது. இப்போது 7 வாரமாக அவரிடமே நிற்கிறது. கேட்டால் “பாகம் வரவில்லை” என்கிறார். மாதத் தவணையோ நிற்கவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் ரிப்பேர் ஆர்டரை, அதாவது பட்டறையின் பழுதுப் பதிவுத் தாளை, எழுத்தில் வாங்குங்கள். வண்டி எந்தத் தேதியில் உள்ளே போனது, என்ன குறை, எந்தப் பாகம் எந்தத் தேதியில் ஆர்டர் செய்யப்பட்டது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். சில இடங்களில் பாகத்தையே ஆர்டர் செய்திருக்க மாட்டார்கள். தாள் கைக்கு வந்ததும், பாகம் வரும்வரை வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கூரைக்கடியில் நிறுத்துங்கள். ஈரமான மரச்சட்டம் டீலரின் திறந்தவெளியில் நின்றால், அங்கேயே உளுத்துப்போகத் தொடங்கும்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்க ட்ரெய்லர்களில் பெரும்பாலானவை இந்தியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் உருவாகின்றன. அங்கே பல ஆலைகளில் கூலி, முடித்த வண்டிகளின் எண்ணிக்கைக்குத்தான். 2021-இல் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள் வெளியே போயின. அவசரத்தில் விட்டுப்போன குறைகள் டீலரின் பட்டறையில் வந்து சேர்கின்றன. வாரண்டி வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று தயாரிப்பாளர் வரையறுத்துத்தான் பணம் தருவார். கைக்காசு கொடுப்பவரின் வேலை டீலருக்கு லாபம். அதனால் உங்கள் வண்டி வரிசையில் பின்னால் போகிறது. கதவருகே ஒட்டியிருக்கும் ஆர்விஐஏ (இவ்வகை வண்டித் தயாரிப்பாளர்களின் சங்கம்) முத்திரையை நம்பி ஆறுதல் அடையாதீர்கள். அது மின்சாரம், கேஸ், குழாய், தீப்பாதுகாப்பு விதிகளுக்கானது; கூரை ஒழுகாது என்பதற்கல்ல.

இனி ஒழுகல். கறை விழுந்த இடமும் தண்ணீர் நுழைந்த இடமும் பெரும்பாலும் வேறுவேறு. கூரையில் விரித்த ரப்பர் படலம் தானாகக் கிழிவது அரிது. காற்றுப்போக்கி, ஏசி அடித்தளம், ஏணிக் கால்கள், முன்பின் விளிம்புப் பட்டை போன்ற இணைப்புகளில்தான் தண்ணீர் இறங்கி, சட்டம் வழியே ஓடி வேறெங்கோ சொட்டும். எனவே கறைக்கு நேர்மேலே பூசுவது வீண் வேலை. காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்: உள்ளே ஊதுகுழலால் காற்றை நிரப்பி, வெளியே இணைப்புகளில் சோப்புநீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். அங்கே பழைய சீலன்டைச் சுரண்டி, பட்டையைக் கழற்றி, புது பியூட்டில் டேப் (பிசின் போல ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து இறுக்கி, மேலே தானே பரவிச் சமன்படும் லாப் சீலன்ட் என்ற கூரைப் பசையை இட வேண்டும். சிலிகானைப் பூசவே விடாதீர்கள். பிறகு எந்தச் சீலன்டும் அதன்மேல் ஒட்டாது.

வெளிச்சுவரையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் சுவர் உப்பியிருந்தாலோ மெத்தென்று அமுங்கினாலோ, உள்ளே ஒட்டுப்பலகை பிரிந்துவிட்டது. பூச்சு போதாது, சுவரையே மாற்றக் கேட்க வேண்டும். ஈரமானியின் அளவுகளைப் புகைப்படத்தோடு குறித்து வையுங்கள்.

வாரண்டி தருபவர் தயாரிப்பாளர். டீலர் வேலை செய்பவர் மட்டுமே. ஆகவே தயாரிப்பாளருக்கே, விஐஎன் எண் (வண்டியின் அடையாள எண்), தேதிகள், படங்களோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். வீட்டுக்கே வரும் தனியார் மெக்கானிக்கிடம் செய்ய அனுமதியும் கேளுங்கள். அனுமதி எண் எழுத்தில் வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்; முன்பே செய்தால் பணம் கிடைக்காமல் போகலாம். ஃப்ரிட்ஜ், ஏசி போன்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் தனி வாரண்டி இருக்கும். அவற்றுக்கு நேராக அவர்களையே அழையுங்கள்.

டெக்சாஸில் இருப்பது உங்களுக்குச் சாதகம். பல மாநிலங்களின் லெமன் சட்டம் (திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) இழுவை வண்டிகளைச் சேர்ப்பதில்லை, டெக்சாஸ் சேர்க்கிறது. முதல் 24 மாதத்துக்குள் வாரண்டிப் பழுதுக்காக மொத்தம் 30 நாளோ அதற்கு மேலோ வண்டி பட்டறையில் கிடந்ததா என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. உங்கள் 7 வாரம் என்பது 49 நாள். ரிப்பேர் ஆர்டரின் தேதிகள்தான் அதற்குச் சான்று. தயாரிப்பாளருக்கு எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்த பிறகும் ஒழுகினால், மாநில மோட்டார் வாகனத் துறையில் புகார் பதியலாம். காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

கூரை சீலன்டைப் பல கையேடுகள் உரிமையாளரின் பராமரிப்பாகக் கணக்கிட்டு, 90 நாளுக்கொரு முறை பார்க்கச் சொல்கின்றன. பார்க்கவில்லை என்று காரணம் காட்டி வாரண்டியை மறுப்பதுண்டு. இன்றே ஏணி வைத்து ஏறி, எல்லா இணைப்புகளையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.