பாதிக் குதிரையை எழுதிக்கொடுத்தால் முழுக் குதிரைக்கும் வரி

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வசிக்கிறோம். 19 வயது மகள் டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்ற விளையாட்டுப் பயிற்சிக்காகத் தன் குதிரையுடன் ஏழு மாதங்களுக்கு முன் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் உள்ள ஒரு லாயத்துக்குப் போனாள். குதிரை 9 வயது கெல்டிங், அதாவது காயடித்த ஆண் குதிரை. அயர்லாந்தில் பிறந்தது. நான்கு வருடங்களுக்கு முன் அங்கிருந்து 28,000 பவுண்டுக்கு என் பெயரில் வாங்கி வந்தோம். ஏ.டி.ஏ. கார்னே என்ற, வரி கட்டாமல் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணத்தில் அனுப்பினேன், அது முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. தானே சொல்லித்தருவேன் என்ற பயிற்சியாளர் உதவியாளரிடம் விட்டுவிட்டார். குதிரை மெலிந்துவிட்டது. மாதம் 900 யூரோவாக இருந்த கட்டணத்தை 1,250 ஆக்கினார். கோபத்தில் நான்கு மாதமாக நான் பணம் கட்டவில்லை. இப்போது, குதிரையில் பாதிப் பங்கை அவருக்கு எழுதிக்கொடுத்தால் பாக்கி தள்ளுபடி, பிறகு விற்றால் ஆளுக்குப் பாதி என்று ஜெர்மன் மொழியில் இரண்டு பக்க ஒப்பந்தம் போட்டு, மகளிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். குதிரையின் பாஸ்போர்ட்டையும் தர மறுக்கிறார். நம்பிக்கைத் துரோகம், விலங்கு வதை என்று வழக்குப் போட்டுக் குதிரையை மீட்க முடியுமா?

பதில்: ஐயா, கடிதத்தில் பெரும்பகுதி பயிற்சியாளரைப் பற்றியே இருக்கிறது. சட்டம் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்வி: இன்று அந்தக் குதிரை யாருடையது? ‘முழுக்க என்னுடையது’ என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தால் உங்கள் சிக்கல் 5,000 யூரோவில் முடிகிறது. ‘பாதி அவருடையது’ என்றால் 14,000 யூரோவைத் தாண்டுகிறது. அந்தப் பணத்தைக் கேட்கப்போவதும் பயிற்சியாளர் அல்ல, சுங்கத் துறை.

முதலில் உங்கள் மனக்குறைகள். பயிற்சி என்பது சேவை ஒப்பந்தம். மகள் எந்த நிலைக்கு உயர்வாள் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. தானே வந்து சொல்லித்தர வேண்டும் என்பதில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. ஜெர்மன் சிவில் சட்டம் 613-ஆம் பிரிவின்படி, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை சேவையை ஏற்றவரே நேரில் செய்ய வேண்டும். அதைச் சாதித்தாலும் கிடைப்பது கட்டணத்தில் ஒரு கழிவுதான், குதிரை அல்ல. மெலிவுக்கு ஒரு கால்நடை மருத்துவரை அனுப்பி எடையும் உடல்நிலையும் எழுதி வாங்குங்கள். பேச்சுவார்த்தையில் அது பயன்படும், வழக்காகப் போடாதீர்கள். பாஸ்போர்ட் விஷயத்தில் அவர் செய்தது தவறே இல்லை. குதிரை இருக்கும் இடத்தில்தான் அதன் பாஸ்போர்ட்டும் இருக்க வேண்டும் என்பது விதி. அது அடையாள ஆவணம், உரிமைப் பத்திரம் அல்ல. அவர் கையில் இருப்பதால் குதிரை அவருடையதாகிவிடாது, உங்கள் பெயர் அதில் இருப்பதால் மட்டும் உங்களுடையதாகவும் ஆகிவிடாது.

இனி முக்கிய விஷயம். குதிரை வரி கட்டாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நிற்கிறது. பயிற்சிக்காக வரும் விலங்குக்கு இந்தச் சலுகை உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு: விலங்கின் உரிமையாளர் ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும். வெஸ்ட்ஃபாலியாவில் வசிப்பவருக்குப் பாதி போனால் நிபந்தனை அன்றே உடைந்தது என்று சுங்கம் சொல்ல வழி பிறக்கிறது. குதிரை லாயத்தை விட்டு ஒரு அடி நகராவிட்டாலும், ஒரு யூரோ கைமாறாவிட்டாலும் இதுதான் நிலை. கார்னே யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. அது நீங்கள்.

கணக்கைப் பாருங்கள். இனவிருத்திக்கான தூய இனக் குதிரைக்குச் சுங்க வரி கிடையாது. உங்களுடையது கெல்டிங், அந்த வாசல் அடைத்துவிட்டது. பிரிட்டனில் பிறந்து வளர்ந்த குதிரையாக இருந்தால் வர்த்தக உடன்படிக்கையின்படி வரியில்லாமல் போகலாம். இது அயர்லாந்தில் பிறந்தது. ஒன்றியத்திலிருந்து வெளியே போய் மூன்று வருடத்துக்குள் திரும்பினால் திரும்பிய பொருளுக்கான சலுகை கேட்கலாம். நான்கு வருடம் ஆகிவிட்டது. ஆக 11.5 சதவீதம் சுங்க வரி. ஒப்பந்தத்தில் குதிரையின் மதிப்பை 40,000 யூரோ என்று எழுதியிருப்பதாக உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அது சாதாரண வாக்கியம் அல்ல. கார்னேயில் 28,000 பவுண்டு என்று நீங்கள் காட்டியிருக்க, உங்கள் தரப்பே கையெழுத்திட்ட தாள் அதைவிட உயர்ந்த மதிப்பைச் சொல்கிறது. 40,000-க்கு 11.5 சதவீதம் 4,600. இரண்டும் சேர்ந்த 44,600-க்கு ஜெர்மனியின் 19 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) 8,474. மொத்தம் 13,074 யூரோ. கார்னே வழியாக வசூலிக்கும்போது இதற்கு மேல் 10 சதவீதம் வரை சேர்க்கலாம், சேர்த்தால் 14,381. தள்ளுபடியாகும் பாக்கி 5,000. இந்த ஒப்பந்தத்தால் மிச்சம் என்று நினைத்தது பெரிய நஷ்டம்.

அப்படியானால் பாதி போய்விட்டதா? என் கருத்தில் இன்னும் போகவில்லை. வாங்கிய ரசீது உங்கள் பெயரில், கார்னே உங்கள் பெயரில். உங்களுக்குச் சொந்தமான குதிரையை உங்கள் அதிகாரம் இல்லாமல் மகள் எழுதிக்கொடுக்க முடியாது. உரிமையாளர் இவர்தான் என்று நம்பி வாங்கியவரை ஜெர்மன் சட்டத்தின் 932-ஆம் பிரிவு காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கத் தவறியவரை அது காப்பாற்றாது. மாதாந்திர பில் யார் பெயருக்கு வந்தது? பணம் யார் வங்கிக் கணக்கிலிருந்து போனது? குதிரை இறங்கிய அன்று லாய அலுவலகத்தில் கார்னேயை நகல் எடுத்தார்களா? மூன்றும் உங்களைக் காட்டினால், மகளை உரிமையாளர் என்று நினைத்தேன் என்று அவர் சொல்வது எடுபடாது.

கட்சிக்காரர்கள் விழும் முதல் பள்ளம் இங்கேதான். அதிகாரம் இல்லாதவர் எழுதிக்கொடுத்ததை உரிமையாளர் பிறகு ஒப்புக்கொண்டால் அது எழுதிய நாளிலிருந்தே செல்லும். ஒப்புக்கொள்ள முத்திரைத்தாள் வேண்டியதில்லை. மகள் கையெழுத்திட்ட இரவில் பயிற்சியாளருக்கு நீங்கள் ‘சரி, நன்றி, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தாலே போதும், அதை ஒப்புதல் என்று நீட்டுவார்கள். அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள், அவரிடம் இருக்கிறது, உங்கள் வழக்கறிஞரும் பார்த்தாக வேண்டும். இனி அவருக்கு எதையும் கோபத்திலோ சமாதானத்திலோ தட்டி அனுப்பாதீர்கள். ‘உன் பாதியை நீயே வைத்துக்கொள்’ என்று எரிச்சலில் எழுதினாலும் அது உங்கள் வாக்குமூலம்தான். இன்றே ஒரே ஒரு கடிதம் போகட்டும்: குதிரையின் ஒரே உரிமையாளர் நான், மகளுக்கு விற்கவோ பங்கு தரவோ அதிகாரம் தரவில்லை, அந்த ஒப்பந்தத்தை நான் ஏற்கவில்லை. இவ்வளவு போதும், காரணம் எதுவும் எழுத வேண்டாம்.

இரண்டாவது பள்ளம் இதைவிட ஆழமானது. ‘என் குதிரை, நானே வண்டி கொண்டுபோய் ஏற்றி வந்துவிடுகிறேன்’ என்று நினைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், லாயத்தில் ஆள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துப் போகிறார்கள். பாக்கி இருக்கும்வரை குதிரையைப் பிடித்து வைக்க ஜெர்மன் சிவில் சட்டத்தின் 273-ஆம் பிரிவு அவருக்கு இடம் தருகிறது. அப்படிப் பிடித்து வைத்திருப்பவரிடமிருந்து தன் பொருளையே எடுத்துப் போவது ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவில் குற்றம். அபராதம் அல்லது மூன்று வருடம் வரை சிறை. அவர் புகார் கொடுத்தால்தான் வழக்கு, ஆனால் கொடுக்காமல் இருக்க அவருக்குக் காரணமே இல்லை. உங்கள் மகள்தான் அங்கே இருக்கிறாள், கதவைத் திறந்துவிட்டவள் என்று அவள் பெயர்தான் முதலில் போகும். தப்பி வந்தாலும் பாஸ்போர்ட்டும் ஜெர்மன் அரசுக் கால்நடை மருத்துவரின் ஏற்றுமதி உடல்நலச் சான்றிதழும் இல்லாமல் குதிரை பிரான்சின் கலே துறைமுகத்தைத் தாண்டாது. வண்டியில் நின்றபடி குதிரை, முன் இருக்கையில் நீங்கள், கையில் எந்தத் தாளும் இல்லை. அந்த நிலைக்குப் போகாதீர்கள்.

வழக்குப் போடலாமே என்றால், போடலாம். குதிரையின் மதிப்பை வைத்துப் பார்த்தால் அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நடத்த முடியாத நீதிமன்றத்துக்குத்தான் போகும். வழக்கு நடக்கும் காலமெல்லாம் குதிரை அதே லாயத்தில் தின்றுகொண்டிருக்கும். ஒரு வருடத்துக்கு 15,000 யூரோ தீனிக் கணக்கு ஏறும். அதற்குள் கார்னே காலாவதியாகிவிடும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் வரியும் தீனியும் சேர்ந்து குதிரையின் விலையைத் தின்றுவிடும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். உயர்த்திய கட்டணத்தில் தகராறாக இருப்பது மாதம் 350 வீதம் 1,400 யூரோ. அதை விட்டுவிடுங்கள். முழு 5,000-ஐயும் தருவதாகச் சொல்லுங்கள், ஆனால் முன்கூட்டி அனுப்பாதீர்கள். ஒரு பக்க உடன்பாடு முதலில் கையெழுத்தாக வேண்டும். பங்கு ஒப்பந்தத்தை ‘ரத்து செய்கிறோம்’ என்று அதில் எழுதவிடாதீர்கள். ரத்து என்றால் ஒருகாலத்தில் செல்லுபடியாக இருந்தது என்று பொருள் வரும். சில வாரங்கள் அவர் பாதி உரிமையாளராக இருந்தார் என்று நீங்களே சுங்கத்துக்கு எழுதிக்கொடுத்தது போலாகும். ‘உரிமையாளரின் அதிகாரம் இல்லாமல் கையெழுத்தானதால் அது தொடக்கம் முதலே செல்லாது, குதிரையின் உரிமை எப்போதும் மாறவில்லை’ என்று இருக்க வேண்டும். பிறகு குதிரையை ஏற்றும் தேதி, அதற்கு முன் அரசுக் கால்நடை மருத்துவர் லாயத்துக்கு வந்து பரிசோதிக்க அனுமதி, பாஸ்போர்ட் குதிரையோடு வண்டியில் ஏறும் என்ற வாசகம். பணம் ஏற்றும் நேரத்தில், சரிவுப் பலகையில் குதிரை ஏறிய பிறகு, கைபேசியிலிருந்து உடனடி வங்கிப் பரிமாற்றமாகப் போகட்டும்.

அவர் பிடிவாதம் பிடித்தால் அதே 273-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு இருக்கிறது: பாக்கித் தொகைக்கு ஈடாகப் பிணை வைத்துவிட்டால் பிடித்து வைக்கும் உரிமையைத் தடுக்கலாம். மூன்றாம் நபரின் ஜாமீன் செல்லாது, உண்மையான ஈடு வைக்க வேண்டும். ஜெர்மன் வழக்கறிஞரிடம் போனால் இதைத்தான் முதலில் கேளுங்கள்.

குதிரையை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால், அதுவும் கெட்ட யோசனை அல்ல. ஆனால் பாதி வேண்டாம், முழுதாக விற்றுவிடுங்கள். விலை வரி நீங்கலாக இருக்கட்டும். இறக்குமதிச் சுங்க நடைமுறையை அவர் தன் பெயரில் முடித்து, கார்னேயும் முறைப்படி தீர்ந்த பிறகே உரிமை மாறும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பாதிப் பங்கு வைத்திருப்பது வரியோடு நிற்காது. ஜெர்மனியில் குதிரை யாரையாவது உதைத்தால் 833-ஆம் பிரிவின்படி, தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குதிரையை வைத்திருப்பவர் ஈடு செய்ய வேண்டும். அவர் லாயத்தில், அவர் முடிவுப்படி நடக்கும் குதிரைக்கு நீங்கள் பாதிப் பொறுப்பு சுமக்க வேண்டாம். இதோடு உங்கள் பிரிட்டிஷ் காப்பீடு வெளிநாட்டில் எத்தனை நாளுக்கு என்பதையும் இன்றே பாருங்கள். ஏழு மாதத்துக்கு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கார்னே நான்கு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். பச்சை அட்டையில் உள்ள தேதியைப் பார்த்துத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே புரட்டுங்கள். ஒன்றியத்துக்குள் நுழைந்தபோது வெள்ளைத் தாளைக் கிழித்துக்கொண்டு, அடிக்கட்டையில் முத்திரை வைத்திருப்பார்கள். அங்கே திரும்ப ஏற்றுமதி செய்ய வேண்டிய கடைசித் தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. சுங்க அதிகாரி அதில் அட்டைத் தேதிக்கு முந்தைய ஒரு தேதியைப் பேனாவால் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அதுதான் உங்கள் கெடு. குதிரையின் உடல்நலச் சான்றிதழுக்கு வேறு கெடு: 90 நாளுக்குள் திரும்பும் குதிரைக்கான சான்றிதழில் அனுப்பியிருந்தால் அது எப்போதோ முடிந்துவிட்டது. அதை மறைத்து வண்டி பிடிக்காதீர்கள். லாயம் இருக்கும் மாவட்டத்தின் கால்நடை அலுவலகத்திடம் முன்பே சொல்லி வழி கேளுங்கள். மகளுக்கும் இதே கணக்கு உண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் அனுமதி எதுவும் பெறாமல் தங்கியிருந்தால் 180 நாளில் 90 நாள்தான். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கணினிப் பதிவு நடக்கிறது, முத்திரை தெளிவாக இல்லை என்று இனி சொல்ல முடியாது.

அசல் கார்னே இப்போது யாரிடம்? லாய அலுவலகத்தில் பாஸ்போர்ட்டோடு ஒரே கோப்பில் கிடந்தால் அதையும் உடன்பாட்டில் சேருங்கள். திரும்பும் வழியில் கலேயில் ஓட்டுநர் வரிசை நீளம் என்று நேரே கப்பலுக்குப் போய்விடுவார். வெள்ளை மறு-ஏற்றுமதித் தாளில் முத்திரை விழாது. குதிரை ரெடிங்கில் உங்கள் வயலில் மேய்ந்துகொண்டிருக்க, பல மாதம் கழித்து வரிக் கோரிக்கை வரும். கார்னே முடிந்து ஒரு வருடம் வரை அவர்கள் கேட்கலாம். முத்திரை வாங்காமல் ஏறக்கூடாது என்று வண்டிக்காரரிடம் எழுத்தில் சொல்லுங்கள். பிரிட்டனில் இறங்கியதும் குதிரை நாடு திரும்பியதைக் காட்டும் மஞ்சள் தாளிலும் முத்திரை வாங்குங்கள். பிரான்ஸ் முத்திரை தவறிப்போனால் குதிரை வெளியேறியது என்று காட்ட உங்களிடம் மிஞ்சுவது அந்த மஞ்சள் தாள்தான்.