37 வயதில் இன்னொரு சீசன்

கேள்வி: எங்கள் ஊர் அணிக்காக 18 ஆண்டுகளாகக் கபடி ஆடி வருகிறேன், ரெய்டுக்குப் போவதுதான் என் வேலை. வயது 37, எடை 70 கிலோ. சென்ற ஆண்டு வலது தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டது. 3 வாரம் ஓய்வெடுத்துவிட்டு இறங்கியபோது அதே இடத்தில் மீண்டும் இழுத்தது. பொங்கல் போட்டிகளுக்கு இன்னும் 10 வாரங்கள் உள்ளன. தினமும் 8 கிலோமீட்டர் ஓடுகிறேன்; வலி இல்லை. ஆனால், காலையில் எழும்போது முதுகும் முழங்காலும் விறைத்துக் கிடக்கின்றன. ஓசூரில் ஷிப்ட் வேலை. சிட்னியில் இருக்கும் மைத்துனர், “இங்கே ரக்பி லீக்கில் 37 வயதுக்காரர் கோப்பையே வாங்கினார், நீங்கள் ஏன் விட வேண்டும் மாமா?” என்கிறார். அணியின் இளைஞர்களோ என்னை வெளியில் உட்காரச் சொல்கிறார்கள். நான் இந்த ஆண்டு ஆடலாமா?

– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது மெல்போர்ன் ஸ்டார்ம் அணியின் கேமரன் ஸ்மித்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் 430 ஆட்டங்கள் ஆடிய அவர், 2020ஆம் ஆண்டு இறுதிப்போட்டியில் வென்று களத்தை விட்டு வெளியேறியபோது அவருக்கு வயது 37. ஆனால் அவர் வேகத்தால் பெயர் பெற்றவர் அல்லர். ‘ஹூக்கர்’ என்ற இடத்தில் நின்று, பந்தை யாரிடம் எப்போது தருவது என்பதைத் தீர்மானித்தும், எதிராளியை மடக்கி வீழ்த்தியுமே அவர் ஆட்டத்தை நடத்தினார். நம் தமிழகத்தின் தர்மராஜ் சேரலாதனும் அப்படித்தான்: 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்றுப் புரோ கபடிக் கோப்பையை வென்றபோது 40ஐக் கடந்திருந்த அவர், ரெய்டர் அல்லர், பிடிக்கும் வீரர். வயதாகும்போது முதலில் குறைவது வெடித்துக் கிளம்பும் வேகம். எதிராளியின் காலசைவைப் படிக்கும் கண் அவ்வளவு எளிதில் மங்குவதில்லை. ஆகவே, ஆடலாம். ஆனால் இந்த ஆண்டு கார்னரில், அதாவது பிடிக்கும் வரிசையின் ஓரத்தில், நின்று ஆடிப் பாருங்கள். ரெய்டுக்கு எப்போதாவது போனால் போதும். இதை அணியின் இளைஞர்களிடம் நீங்களே முன்வந்து சொல்வது, அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட மரியாதையாக இருக்கும்.

அடுத்தது, அந்த 8 கிலோமீட்டர் ஓட்டம். ஒரு ரெய்டு 30 விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. சீரான வேகத்தில் முக்கால் மணி நேரம் ஓடிப் பழகிய கால், அந்த 30 விநாடியில் நிகழும் திடீர்த் திருப்பத்துக்குத் தயாராக இருக்கும் என்று எண்ணுவது தவறு. நீண்ட ஓட்டத்தை வாரம் இரண்டு நாளாகக் குறைத்து, வேறு இரண்டு நாள்களில் 10 விநாடி ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாக மாறி மாறிப் பழகுங்கள். முதலில் முக்கால் வேகம்தான்; முழு வேகம் ஆறாம் வாரத்துக்கு முன் வேண்டாம்.

பின்தசைக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் சீசனைத் தீர்மானிக்கப்போவது அதுதான். ஒருமுறை இழுத்த தசை மறுபடியும் இழுப்பதற்கான முதன்மைக் காரணமே முந்தைய காயம். வலி நின்றுவிட்டதாலேயே தசை பழைய வலிமைக்குத் திரும்பிவிட்டதாகப் பொருளில்லை. ஓய்வு மட்டும் அதை மீட்காது. ஒரு பயிற்சி இருக்கிறது: மண்டியிட்டு அமர்ந்து, கணுக்கால்களை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னோக்கிச் சாய வேண்டும். கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வுகளில் பின்தசைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்த பயிற்சி இது. முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு முறை போதும்; நான்காம் வாரத்தில் மூன்று நாள்களாகக் கூட்டலாம். இரண்டு முறை காயம்பட்டவர் என்பதால் முதல் நாள் ஓர் இயன்முறை மருத்துவர் அருகில் இருப்பது நல்லது. ரெய்டின்போது காலை நீட்டிக் கால்விரல் நுனியால் எதிராளியைத் தொடும் பழக்கத்தை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள்; பின்தசை மிக அதிகமாக இழுபடுவது அந்த நீட்டலில்தான்.

இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலையில் வேகப் பயிற்சி வேண்டவே வேண்டாம். தசை பழுது பார்க்கப்படுவது உறக்கத்தில். உணவைப் பொறுத்தவரை, களி சுண்ணாம்புச் சத்துக்கு அருமையானது. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் புரதம் 7 கிராம்தான், உங்கள் எடைக்கோ நாளொன்றுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். களியுடன் கொள்ளுக் கடைசலும் முட்டையும் சேரட்டும். அணைக்கட்டு மீனும் நல்லதே, பொரிக்காமல் குழம்பாக.

காலை விறைப்பை மட்டும் வயதின் தலையில் கட்டிவிடத் தயங்குகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பற்களில் கறை படியலாம். அளவு இன்னும் கூடினால் முதுகும் மூட்டும் இறுகும். வீட்டிலோ தோட்டத்திலோ நீங்கள் இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவராக இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். அந்த முடிவோடு எலும்பு மருத்துவரைப் பார்க்கும்போதே, 35ஐக் கடந்து போட்டியில் இறங்குபவர் என்று சொல்லி, ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.