பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகளை அரிட்டாபட்டிக்கு அழைத்துச் சென்று, அங்கேயே ஒரு விழிப்புணர்வு விழாவும் நடத்தலாமா?

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். விழாவை மட்டும் உங்கள் பள்ளி வளாகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் என்னைப் போல மன்றப் பொறுப்பாசிரியர் என்றும், ஆண்டறிக்கைக்கு ஒரு நிகழ்ச்சியும் சில புகைப்படங்களும் உங்களுக்குத் தேவைப்படுகின்றன என்றும் எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். நான் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியன். பறவையியல் அறிஞனோ கல்வெட்டு ஆய்வாளனோ அல்லன்.

மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193.42 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அது வேலியிட்டு நுழைவுச்சீட்டு கொடுக்கும் பூங்கா அன்று. ஆடு மேய்ப்பவரும் வயலுக்குப் போகிறவரும் நாள்தோறும் நடமாடும் ஊர். இதை மறந்துவிட்டுத் திட்டமிடுவதால்தான் பல பள்ளிப் பயணங்கள் வெறும் உல்லாசப் பயணமாக முடிகின்றன.

எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கழிஞ்சமலைக் குகைத்தளத்துக்கு அழைத்துச் சென்றபோது, நெல்வேலியைச் சேர்ந்த ஒருவரும், இலஞ்சியின் தலைவனான வேளின் மகன் ஒருவரும் அந்தக் குகையைக் கொடையாக அளித்த செய்தியைக் கூறும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டுகளைப் பற்றி நான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். அவர்களை உண்மையில் நிமிர்ந்து உட்கார வைத்தவர் எங்களுடன் மலையேறிய உள்ளூர்ப் பெரியவர். பாறைமேல் விழும் மழை வீணாகாமல் சுனைகளில் தங்குவதையும், மிஞ்சியது சரிவில் இறங்கிக் கண்மாய்க்குச் சேர்வதையும், அது நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போவதையும் கையை நீட்டிக் காட்டியே அவர் விளக்கினார். 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசு அறிவிப்பில் நான் எண்களாகப் படித்தது அப்போதுதான் பிள்ளைகளுக்கு ஒரே நீரோட்டமாகத் தெரிந்தது.

“அப்ப மலைய ஒடைச்சா கண்மாய்க்கே தண்ணி வராதா தாத்தா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“அதுக்குத்தானம்மா ஊரே திரண்டு நின்னோம்” என்றார் அவர். இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிமச் சுரங்க ஏலத்தை எதிர்த்துக் கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றியதையும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்து செய்ததையும் அவர் வாயால் கேட்டதற்கு ஈடாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குத் தெரியவில்லை.

அதே நாளில் மலையடிவாரத்தில் வேறொரு அமைப்பு ஒலிபெருக்கி கட்டி விழா நடத்திக்கொண்டிருந்தது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகியவை வாழும் பாறைகளுக்குக் கீழே, அவை கூடு கட்டும் பருவத்தில், பறவைகளைக் காப்போம் என்று முழங்கினார்கள். பிறகு மண்ணே இல்லாத பாறை விளிம்பில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். பொதுமக்கள் பங்கேற்பையே நான் எதிர்ப்பதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த ஊர் மக்கள் தம் கோயிலில் கூடுவதும் கிராம சபை கூட்டுவதும் அவர்கள் உரிமை. வெளியிலிருந்து போகும் நாம் அங்கே விருந்தினர் என்பதே என் வாதம்.

ஆகவே முதலில் ஊராட்சியில் சொல்லி, வழிகாட்ட உள்ளூரார் ஒருவரைக் கேளுங்கள். படத்தில் தெளிவாகத் தெரிவதற்காகக் கல்வெட்டு எழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டி தேய்க்கும் வழக்கம் நம் ஆசிரியர்களிடமே உண்டு, அதைத் தடுத்துவிடுங்கள். அங்குள்ள குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பத்தைத் தவறாமல் காட்டுங்கள். தமிழ்நாட்டில் அரிதாகவே காணக் கிடைப்பது அது.

இறுதியாக ஒரு குறை. பேருந்துக்கும் பதாகைக்கும் தனித்தனியே செலவுத் தலைப்பு ஒதுக்கத் தெரிந்த எங்கள் கணக்கேட்டில், அரைநாள் ஆட்டை விட்டுவிட்டு எங்களுடன் வந்த பெரியவருக்கு ஒரு சிறு தொகை கொடுக்க இடமில்லை. உங்கள் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலாவது அதற்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.