குப்பையைப் பிரிக்கச் சொன்னாலே சண்டைக்கு வருகிறார்கள். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் முறையில் எப்படிப் பேசுவது?

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, நோட்டீஸும் ஒட்டியாயிற்று, வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாயிற்று, இன்னும் பாதி வீடுகளில் சாம்பார் மிச்சமும் பால் பாக்கெட்டும் நாப்கினும் ஒரே கவரில்தான் வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங், அதாவது மாறுவதற்கான காரணத்தை எதிரில் இருப்பவரே சொல்லும்படி பேசுகிற முறை, இதற்கு உதவும். ஆனால் ஆளை மடக்குகிற பேச்சுச் சாமர்த்தியம் என்று நினைத்து இறங்கினால் இருப்பதும் கெட்டுப்போகும்.

இதன் தொடக்கம் 1983. குடிநோயாளிகளோடு எப்படிப் பேசுவது என்று வில்லியம் மில்லர் எழுதிய கட்டுரை. பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்து அதை வளர்த்தார். மாறலாம், வேண்டாம் என்ற இரண்டு நினைப்பும் ஒரே ஆளுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் ‘மாறலாம்’ பக்கத்தை எடுத்துக்கொண்டு பேசினால், அவருக்கு மிச்சம் இருப்பது ‘வேண்டாம்’ பக்கம்தான். அதற்காக வாதாட வாதாட, தான் சொல்வதைத் தானே நம்ப ஆரம்பித்துவிடுவார். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுற்றுச்சூழல் பழக்கங்கள் பற்றிய உரையாடல்களைப் பதிவுசெய்து ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தபோதும், எதிராளியின் சுதந்திரத்தில் கை வைக்கிற பேச்சுக்குப் பின்னால் எதிர்ப்பேச்சு அதிகம் கிளம்பியது.

ஆகவே பிரிப்பதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். நடைமுறையில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அக்கா, குப்பை விஷயமா ஒரு பத்து நிமிஷம் பேசலாமா? இப்ப வேலையா இருந்தா அப்புறம் வரேன்.”

“என்ன, பிரிச்சுப் போடுங்கன்னு சொல்லத்தானே வந்திருக்க?”

“போடறதும் போடாததும் உங்க இஷ்டம்க்கா. அதுல என்ன தொந்தரவுன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்.”

“சிங்க் பக்கத்துல ஒரு பக்கெட் வைக்கவே இடமில்ல. இதுல ரெண்டாம். நாத்தம் வேற. எங்க மாமியார் இருந்தப்ப காய்த்தோல் எல்லாம் செடிக்குப் போயிடும், அது ஒரு காலம்.”

“இடமும் இல்ல, நாத்தமும் தாங்கல. அதே சமயம், காய்த்தோலைக் குப்பைன்னே நினைக்காத வீடு இது.”

“ஆமா. இப்ப தினம் ஒரு கவர் வெளிய போறதப் பாத்தா எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு.”

கடைசி வரிக்காகத்தான் இவ்வளவும். பெரும்பாலோர் கோட்டை விடுவதும் இங்கேதான். “அப்போ நாளையிலிருந்து பிரிச்சுடுங்க” என்று பாய்ந்தால் அவர் மறுபடி இடமில்லை என்ற பேச்சுக்கே போய்விடுவார். “ஒரு மாதிரின்னா எப்படிக்கா?” என்று அதையே இன்னும் கொஞ்சம் பேசவிடுங்கள்.

அந்த உரையாடலில் “ஏன் பிரிக்கறதில்ல?” என்ற கேள்வியே இல்லை. அப்படிக் கேட்டால் சாக்குகள்தான் வரிசையாக வரும். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போதும் கேள்வியாக முடிக்கவில்லை. “இடம்தான் பிரச்சனையா?” என்றால் விசாரணை மாதிரி இருக்கும், “இடம் இல்ல” என்று குரலை இறக்கி முடித்தால் அவரே தொடர்வார். இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்லும்போது மாற்றத்தின் பக்கம் கடைசியில் வரவேண்டும். எது கடைசியில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சு நகரும். நடுவில் ‘ஆனா’ போடாதீர்கள், அது முன்னால் சொன்னதை அழித்துவிடும். பயிற்சிகளில் நல்ல அளவாகச் சொல்வது ஒரு கேள்விக்கு இரண்டு திருப்பிச் சொல்லல். பழக்கமில்லாதவர்களுக்கு இது தலைகீழாகத்தான் வரும்.

கொஞ்சம் இளகிய பிறகு அளவுகோல் கேள்வி. “பிரிக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0-லேருந்து 10 வரைக்கும் சொல்லுங்க.” 4 என்று சொன்னால், “ஏன் 8 இல்ல?” என்று கேட்கவே கூடாது. “4 சொல்றீங்க, ஏன் 1 இல்ல?” என்று கேட்டால் பதிலாக வருவது அத்தனையும் பிரிப்பதற்கான காரணமாகவே இருக்கும். பிறகு, “செய்ய முடியும்னு எவ்வளவு நம்பிக்கை?” என்று இன்னொரு எண். முக்கியம் 8, நம்பிக்கை 3 என்றால் மேற்கொண்டு மனதை மாற்றப் பேசிப் பயனில்லை, பக்கெட்டைப் பற்றிப் பேசவேண்டும்.

தகவல் சொல்லும் இடம் அதுதான். அங்கேயும் முதலில் அனுமதி: “நாத்தத்துக்கு சில வீட்டுல ஒண்ணு செய்யறாங்க, சொல்லட்டுமா?” சமையலறைக் குப்பையைத் தண்ணீரோடு கவரில் போட்டு முடிச்சுப் போடுவதால்தான் காற்றில்லாமல் அழுகி நாறுகிறது. ஓட்டை வடிதட்டில் வடியவிட்டு, பக்கெட் அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, தினமும் கொட்டினால் பெருமளவு குறையும். பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டி எடுக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, அலசிக் காயவைத்தால் உலர்ந்த குப்பை. அதற்குப் பக்கெட்டே வேண்டாம், கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கினால் போதும். நாப்கின், டயப்பரைத் தாளில் சுற்றித் தனியாகத் தரலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு, “உங்க வீட்டுக்கு இது சரிப்படுமா?” என்று கேட்டு நிறுத்துங்கள். “பால் பாக்கெட் மட்டும் தனியா வைக்கறேன்” என்றால் அதுவே ஆரம்பம். எங்கே தொங்கவிடுவார், யார் கீழே கொண்டுவருவார் என்பது வரைக்கும் அவரே சொல்லட்டும்.

யாரிடம் பேசுகிறோம் என்பதையும் பாருங்கள். சங்கக் கூட்டத்துக்கு வருகிற ஆண்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்களில் பலர் வீட்டுக் குப்பைக் கூடையைத் தொடுவதே இல்லை. தொடுகிறவர் அந்த வீட்டு அக்கா, அல்லது வேலைக்கு வருகிற அம்மா. வேலைக்கு வருபவரிடம் முதலாளி உத்தரவைக் கடத்தாமல் இதே மாதிரி உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கவர் எப்போது கட்டப்படுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

“நாங்க பிரிச்சாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டறாங்க” என்று ஒருவர் சொல்வார். இதை எதிர்ப்பாகக் கணக்கில் எடுத்து, திருப்பிச் சொல்லிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உண்மையாக இருந்தால் “உண்மைதான்க்கா” என்று ஒத்துக்கொண்டு, வண்டிப் பிரச்சனையை முதலில் சரிசெய்யுங்கள். கலந்து கொட்டுகிற வண்டிக்கு எந்த உரையாடலும் மருந்தில்லை. அதே மாதிரி கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைமேட்டுப் படங்களைப் போனில் காட்டுவதும் வேண்டாம், அவரே அந்தப் பேச்சை எடுத்தால் தவிர. பயமுறுத்தினால் காதை மூடிக்கொள்வார்கள்.

சங்கம் அபராதம் போடுவதாக இருந்தால் அதை வசூலிப்பவரும் இப்படிப் பேசப் போகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. “உங்க இஷ்டம்” என்று சொன்ன வாயால் ரசீது கிழித்தால் அடுத்த முறை கதவே திறக்காது.