ஹம்பி, பாதாமி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கர்நாடகத்தில், விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பி பற்றிய கடிதங்கள் சேர்ந்துகொண்டே வருவதால், இந்த இதழில் அதற்கும் பாதாமி வட்டாரத்துக்கும் மட்டும் இடம்.

அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஹம்பி போகிறோம். கையில் இரண்டே நாள். எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?
— வாசகர், திருப்பூர்

முடியாது, முயலவும் வேண்டாம். யுனெஸ்கோ 1986-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதி மட்டுமே சுமார் 42 சதுர கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நீட்டும் இருபது இடப் பட்டியலை அப்படியே ஏற்றால், ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கவே பொழுது போய்விடும்.

திட்டத்தை டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். விட்டலர் கோயில், தாமரை மகால்–யானை லாயம் வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் தொல்லியல் துறையின் ஒரே டிக்கெட் போதும். ஆனால் அது அன்று ஒரு நாளுக்குத்தான் செல்லும். முதல் நாள் மாலை விட்டலர் கோயில், மறுநாள் தாமரை மகால் என்று பிரித்துக்கொள்பவர்கள் இரண்டு முறை காசு கொடுக்கிறார்கள். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் டிக்கெட் நாளாக வெள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அந்த நாளில் காலை கதவு திறக்கும் நேரத்துக்கே விட்டலர் கோயிலுக்குப் போய்விடுங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோயில் சுமார் ஒரு கிலோமீட்டர். பேட்டரி வண்டி உண்டு. பத்து மணிக்கு மேல் அதற்கு நிற்கும் வரிசையில் வெயில் மண்டையைப் பிளக்கும். விடுமுறைக் காலத்தில் நடந்தே போனால் சீக்கிரம் போகலாம். அடுத்து தாமரை மகால். உச்சி வெயிலில் அருங்காட்சியகம். அங்கே முற்றத்தில் ஹம்பியின் குன்றுகளையும் ஆற்றையும் கோயில்களையும் காட்டும் பெரிய மாதிரி இருக்கிறது. பிள்ளைகளை அதன் எதிரே நிறுத்தி, காலையில் பார்த்தது எங்கே, இனிப் போகப்போவது எங்கே என்று காட்டினால் ஊரின் அமைப்பு மனத்தில் பதிந்துவிடும். வெயில் தாழ்ந்ததும் ஹசார ராமர் கோயிலும் மகாநவமி மேடையும்.

ஹசார ராமர் கோயிலைப் பலர் பத்தே நிமிடத்தில் கடந்துபோகிறார்கள். எங்களைக் கேட்டால், ஹம்பியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் அதுதான். வெளி மதிலைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: அடி வரிசையில் யானைகள், அதன் மேல் குதிரைகள், அடுத்து வீரர்கள், அதற்கும் மேலே ஆடும் பெண்கள். உள்ளே கருவறைச் சுவர்களில் ராமாயணம் காட்சி காட்சியாக ஓடுகிறது. மண்டபத்தில் நான்கு கருங்கல் தூண்கள், இழைத்து மெருகேற்றியவை. சாய்வெயில் விழும்போதுதான் மதில் புடைப்புகள் எடுத்துத் தெரியும். நண்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

இரண்டாம் நாளை விருபாட்சர் கோயில், ஆற்றோரப் பாதை, லட்சுமி நரசிம்மர் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லில் 6.7 மீட்டர் உயரம் செதுக்கிய நரசிம்மர், 1528-இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் எழுந்தவர். மடியில் இருந்த லட்சுமி சிதைந்துபோனாள். அவரைப் பின்னால் அணைத்த அவள் கை மட்டும் மிச்சம்.

அரண்மனைப் பகுதியில் வெறும் மேடைகள்தான் இருக்கின்றன என்கிறார்களே, அதற்காக அங்கே போக வேண்டுமா?
— வாசகி, நாமக்கல்

போகலாம், எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டு. அரண்மனைகளுக்கு அடித்தளம்தான் கல். மேற்கட்டுமானத்தில் மரம் மிகுதி. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரம் சூறையாடப்பட்டபோது மரம் எரிந்தது, கல் நின்றது. மேடைகளில் வரிசையாகத் தெரியும் குழிகளும் சதுர அடையாளங்களும் தூண்கள் நின்ற இடங்கள். அருகிலுள்ள படிக்கட்டுக் குளத்தையும் விட்டுவிடாதீர்கள். 1980-களின் அகழாய்வில்தான் அது வெளியே வந்தது.

அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி. மாதங்க மலையில் சூரிய உதயம் பார்க்க ஆசைப்படுகிறார்.
— வாசகர், திண்டுக்கல்

வேண்டாம். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, சில இடங்களில் பாறைமேல்தான் ஏற வேண்டும், இருட்டில் ஏறுவது இன்னும் மோசம். இறங்கும்போதுதான் மூட்டு சொல்லும். விருபாட்சர் கோயிலை ஒட்டிய ஹேமகூடம் சரிவான பாறை. மெதுவாக நடந்தே மேலே போகலாம், மாலை சூரியனும் நன்றாகத் தெரியும். ரப்பர் அடியுள்ள செருப்பு போடச் சொல்லுங்கள். மழை பெய்திருந்தால் அதையும் தவிருங்கள், பாறை வழுக்கும்.

விருபாட்சர் கோயிலுக்குள் அம்மாவுக்குக் காட்ட ஒன்று உண்டு. பின்புறத்தில் ஓர் இருண்ட அறை. சுவரிலுள்ள சிறு துளை வழியாக வரும் ஒளி, ராயகோபுரத்தைத் தலைகீழாக எதிர்ச்சுவரில் வீழ்த்தும். ஊசித்துளைக் கேமரா வேலை செய்வதும் இப்படித்தான். மேகம் மூடியிருந்தால் மங்கலாகத்தான் தெரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலிவாகத் தங்கலாம், பரிசலில் வந்துபோகலாம் என்று நண்பர் சொல்கிறார்.
— கல்லூரி மாணவர், கோவை

நண்பர் போய்வந்து சில வருடம் ஆகியிருக்கும். விருபாபுர கட்டேயில் இருந்த விடுதிகள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2020-இல் இடிக்கப்பட்டன. இப்போது அக்கரையில் தங்க நினைத்தால் ஆனேகுந்தி பக்கம் தேட வேண்டும். பரிசலை நம்பித் திட்டம் போடாதீர்கள்: மழைக்காலத்தில் துங்கபத்திரை அணையைத் திறந்தால் ஆறு பெருகும், பரிசல் நின்றுவிடும், ரோட்டில் பெரிய சுற்று சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். கையைக் கடிக்காத லாட்ஜ் ஹொசபேட்டையில் கிடைக்கும். ரயில் நிலையமும் அங்கேதான். பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹொசபேட்டை. அங்கிருந்து ஹம்பி சுமார் 13 கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு.

ஹம்பியோடு பாதாமியையும் சேர்க்கலாமா? நம் வரலாற்றோடு தொடர்பு உண்டா?
— வாசகர், காஞ்சிபுரம்

கேட்பவர் காஞ்சிபுரத்துக்காரர்! உங்கள் ஊர் வரலாற்றின் மறுபாதி அங்கேதான் கிடக்கிறது. பாதாமிதான் சாளுக்கியர் தலைநகரான வாதாபி. 642-இல் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் அதைக் கைப்பற்றினான். ஏரியை ஒட்டிய பாறை ஒன்றில் அவன் கல்வெட்டு சிதைந்த நிலையில் இருக்கிறது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்துச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். வென்றும் இடிக்கவில்லை. கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கண்டு, அதை இறைவனுக்கே திருப்பித் தந்ததாக அங்குள்ள தூணில் கன்னடக் கல்வெட்டு வெட்டினான். காஞ்சி வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி பாதாமிக்கு அருகே பட்டதக்கல்லில் எழுப்பியதுதான் அங்குள்ள விருபாட்சர் கோயில் (ஹம்பியில் இருப்பது வேறு). ஒருமுறை கைலாசநாதர் கோயிலை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பட்டதக்கல் கோயிலின் விமானத்திலும் சுற்றுமதில் சிற்றாலயங்களிலும் அதன் சாயல் தெரியும்.

ஹொசபேட்டையிலிருந்து பாதாமி சுமார் 150 கிலோமீட்டர். ஹம்பியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். பாதாமியில் ஓரிரவாவது தங்குங்கள். காலையில் வண்டி பேசி முதலில் ஐஹொளே, திரும்பும் வழியில் பட்டதக்கல் (பாதாமியிலிருந்து 22 கி.மீ.), வெயில் சாயும்போது பாதாமி. அங்குள்ள மூன்றாம் குடைவரைக் கோயிலில் சாளுக்கியன் மங்களேசனின் 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள பூதநாதர் கோயில் மேற்கு பார்த்தது, மாலை ஒளியில் பார்க்க வேண்டியது. குடைவரைக்கு ஏறும்போது கையில் தின்பண்டக் கவர் வேண்டாம். குரங்குகள் பையோடு பிடுங்கும்.

விட்டலர் கோயில் இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்கலாமா?
— வாசகி, மதுரை

கூடாது. தட்டித் தட்டித்தான் அவை தேய்ந்தன. காவலர் பார்க்காதபோது தட்டிக்காட்டுகிறேன் என்று வரும் வழிகாட்டியை அங்கேயே கழற்றிவிடுங்கள்.