சிங்திங் 2.0: படங்கள் அழியுமா?

ஒட்டுசுட்டான் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் கமக்கார அமைப்பின் பதிவேடு, வெள்ளத்தில் அழிந்த வயல்கள், அங்கத்தவரின் காணி பேமிற் எல்லாவற்றையும் போனில் படமெடுக்கிறேன். சிங்திங் மூலம் அவை லப்டொப்பில் சேர்கின்றன. 'புது வெர்சன் வந்துவிட்டது, மாற்றாவிட்டால் எல்லாம் அழியும். மாற்ற 6000 ரூபா, மாதம் 1500 ரூபாவுக்கு பக்கப்பும் பார்ப்போம்' என்கிறது டவுனில் ஒரு கடை. கொடுக்கலாமா ஐயா?"

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஒரு கருவியிலுள்ள கோப்புகளை மற்றக் கருவியிலும் சேர்த்துவிடும் இந்தச் சிங்திங் மென்பொருள் இலவசம். 2025 ஆகஸ்டில் வந்த 2.0 உங்கள் படங்களில் கை வைப்பதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அது தனக்கு எழுதி வைத்திருக்கும் கணக்குக் கொப்பியைத்தான் எஸ்கியூலைட் என்ற வேறு வகைக்கு மாற்றுகிறது. முதல் தடவை திறக்கும்போது பழைய கணக்கைப் பெயர்த்து எழுதக் கனநேரம் எடுக்கலாம். கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சார்ஜில் போட்டுவிட்டு உங்கள் அலுவலைப் பாருங்கள்.

எனக்குப் பயம் அந்த 1500 ரூபாவில்தான். கடைக்காரர் தன் கொம்பியூட்டரையும் உங்கள் சிங்திங்கில் ஒரு கருவியாகச் சேர்த்து ஃபோல்டரையும் பகிர்ந்துவிட்டால், நீங்கள் எடுக்க எடுக்க ஊராரின் பேமிற்றும் அடையாள அட்டையும் அவரிடம் போய்க்கொண்டே இருக்கும். சிங்திங் வழியில் எவரும் பார்க்காதபடி பூட்டித்தான் அனுப்புகிறது. நீங்களே சாவி கொடுத்தவரிடம் பூட்டு என்ன செய்யும்? ஒரு சனசமூக நிலையத்தில் நான் பார்த்தபோது பட்டியலில் ஐந்து கருவிகள். நிலையத்துக்குச் சொந்தமானவை இரண்டு. உங்கள் கருவிப் பட்டியலை இன்றைக்கே திறந்து பாருங்கள். தெரியாத பெயரை நீக்குங்கள். ஏற்கெனவே போனது போனதுதான்.

தவிர, சிங்திங் பக்கப் அல்ல. போனில் கைதவறி அழித்தால் லப்டொப்பிலும் அழியும். லப்டொப் பக்கம் 'ஃபைல் வேர்சனிங்' வசதியைப் போட்டுவிட்டால் அழிந்தது ஒரு மூலையில் கிடக்கும். இதற்கா மாதம் 1500?

போனுக்கான மூல ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. பராமரிக்க ஆளில்லை, கூகிள் பிளேயின் கெடுபிடி வேறு. சும்மா உழைத்துக் கொடுப்பவனை அலைக்கழிப்பதில் அவர்கள் நம் கந்தோர்களுக்குச் சளைத்தவர்களா என்ன! இப்போது அதற்குப் பதிலாக வேறு ஆட்கள் பராமரிக்கும் 'சிங்திங்-ஃபோர்க்' இருக்கிறது, எஃப்-ட்ரொயிட் என்ற இலவச ஆப் களஞ்சியத்தில் எடுக்கலாம். வட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே (ஆப்பைப் போனில் ஏற்றும் கோப்பு) எதையும் தொடாதீர்கள்.

ஒரேயொரு விஷயத்தில் கவனம் வேண்டும். வெளிநாடு போன மகனின் லப்டொப் அலுமாரிக்குள் கிடக்கிறது, அதிலும் இதே ஃபோல்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழித்த கோப்புகளின் நினைவை 2.0 15 மாதங்கள்தான் வைத்திருக்கும், முந்தி அப்படியில்லை. அதற்குப் பிறகு அந்த லப்டொப்பைத் திறந்தால், நீங்கள் என்றோ அழித்த பிழையான பதிவேடெல்லாம் புதுப் படம்போல உங்கள் போனுக்குத் திரும்பி வரலாம். ஆகவே வைஃபை கொடுக்குமுன், அதிலுள்ள சிங்திங்கில் அந்த ஃபோல்டரை நீக்குங்கள். பிறகு கோப்புகளை அழியுங்கள். அதன்பின் புதிதாகப் பகிருங்கள். வரிசையை மாற்றி முதலில் கோப்புகளை அழித்தீர்களோ, அந்த அழிப்பு உங்கள் போனுக்கும் வந்து சேரும்.